டீ போட்டால்தான் மாத்திரை

காலை ஆறரை மணி. வில்லாபுரத்து வீட்டின் அடுப்படியில் தங்கப்பொண்ணு டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். பாதி டம்ளரில் விழுந்தது, மீதி மேடையில் ஓடியது. வலது கை விறைத்துப்போய், சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்றது. அவளுக்கு நடுக்குவாதம் வந்து இரண்டு வருடமாகிறது.

வாசற்படியில் நின்ற புருஷன் பேச்சிமுத்து கைகொட்டிச் சிரித்தான். "ஆடு, நல்லா ஆடு! எனக்கு டீ போட மட்டும் கை வராது. ஒம்போது மணியாச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரிகூட உக்காந்து அம்புட்டு வெங்காயத்தையும் உரிப்ப. யார்ட்டடி நடிக்கிற?"

மாத்திரை அட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது. எழுந்ததும் ஒன்று போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மகராசனோ டீ, இட்லி, சட்னி எல்லாம் ஆன பிறகுதான் ஒன்றைப் பிரித்து, கூலி கொடுப்பதுபோல் கொடுப்பான். மாத்திரை உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் கை கொஞ்சம் இளகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நடிப்பு என்றான், பாவி!

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பரிசோதிக்கும் நாள். "நடிப்புன்னு அவுங்க சொல்லிட்டா, ஒத்தக்கடையில ஒங்கண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துருவேன். அப்புறம் என் வாசல மிதிக்கக் கூடாது" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஏது இடம்?

பத்து மணிக்குப் பரிசோதனை. கைப்பயிற்சி தரும் சரண்யாதேவி, ஒன்பது துளையுள்ள பலகையை முன்னால் வைத்து, ஒன்பது சிறு குச்சிகளை அதில் சொருகச் சொன்னாள். எட்டு மணிக்குப் போட்ட மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. தங்கப்பொண்ணு அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். முடித்த பிறகுதான், ஒழுங்காகச் செய்ததே வினையாகிவிட்டதே என்று உறைத்தது.

"பாத்தீங்களா மேடம்! நான் சொன்னேன்ல?" பேச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல்.

"இருங்கய்யா. மாத்திரை வேகம் கொறஞ்சதும் இன்னொரு தடவ பாக்கணும்."

பன்னிரண்டரைக்கு மறுபடி கூப்பிட்டாள். முதல் குச்சி கீழே விழுந்தது. இரண்டாவதை எடுக்க விரலே மடங்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேச்சிமுத்து எழுந்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பலகையில் அழுத்தினான். "போடுடி! காலைல போட்டேல்ல?"

வலி தாங்காமல் அவள் கத்திவிட்டாள்.

"கைய விடுங்க!" சரண்யாதேவி போட்ட சத்தத்தில் அறையே அடங்கியது. "அம்மா, வீட்டுல காலையில எத்தன மணிக்கு மாத்திரை போடுறீங்க?"

"டீ போட்டாத்தான் குடுப்பாரு." இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வெளி ஆளிடம் வாய் திறந்தாள்.

சரண்யாதேவி அவனிடமிருந்து அட்டையை வாங்கி அவளிடம் கொடுத்தாள். விரல் அட்டையின் மேல் வழுக்கி வழுக்கிப் போனதே தவிர, மாத்திரை வெளியே வரவில்லை.

"பாத்துக்கங்கய்யா. மாத்திரை போட்டாத்தான் இந்தக் கை அசையும். நீங்க கை அசைஞ்சாத்தான் மாத்திரைன்னு ரெண்டு வருசமா வதச்சிருக்கீங்க."

பேச்சிமுத்துவின் முகம் செத்துப்போனது. அட்டையை வாங்கி, மாத்திரையைப் பிரித்து நீட்டினான். தங்கப்பொண்ணு உடனே வாங்கவில்லை.

"சீக்கு என் கையத்தாங்க முடக்குச்சு. நீங்க என்னையவே முடக்கிட்டீங்க. சீக்காளி சொல்றத மொதல்ல நம்பணும், மருந்த நேரத்துக்குக் குடுக்கணும். அத விட்டுட்டு வேவு பாத்தா, அது வீடு இல்ல, ஜெயிலு. நாளையிலருந்து விடிஞ்சதும் எனக்கு மாத்திரை. டீய நீங்க போடுங்க."