ஓடை போன திசை

காரைக்காலில் ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது அரசலாற்றுப் பாலம்தான். அதில் சைக்கிளை ஏற்றி இறக்கியே செம்பியன் தன்னை மலை ஓட்டக்காரன் என்று நம்பியிருந்தான். சுரக்குடிக்காரன், அரசு அலுவலகத்தில் எழுத்தர், வயது நாற்பதைத் தொட்டாயிற்று. சரளையிலும் மண்ணிலும் ஓடக்கூடிய தடித்த டயர் சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினான். அதைவிட ஆசையாக மனைவி பாரதிக்கும் ஒன்று வாங்கி, கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆற்றங்கரை மண்பாதையில் அவள் பிறந்த அம்பகரத்தூர் வரை போய்த் திரும்புவார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்குள் பேச்சு என்பது பால், கேஸ், மகளின் டியூஷன் இத்தோடு தீர்ந்துவிடும். பாரதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளிடம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டையில் குரல் மிச்சமிருக்காது. சைக்கிளில் ஏறினால்தான் வாய் திறப்பாள். ஹெட்மாஸ்டரைப் போல் பேசிக்காட்டுவாள், அண்ணியைப் பற்றிப் புறம் சொல்வாள், சில நாள் பாடக்கூடச் செய்வாள். அந்தக் காலைப் பொழுதுக்காகத்தான் செம்பியன் வாரம் முழுக்கக் கோப்பு தள்ளினான்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலைக் குன்றுகளைச் சுற்றி ஆண்டுக்கொரு முறை ஜோடி சைக்கிள் ஓட்டம் நடக்கும். இருவரும் சேர்ந்தே வழியில் உள்ள ஒவ்வொரு சாவடியையும் கடக்க வேண்டும், நாலு மணிக்குள் சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவர் கதையும் முடிந்தது. போன வருடம் முதல் மேட்டிலேயே செம்பியனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பாரதியும் அவனோடு, பாதியில் நின்றவர்களை ஏற்றிவரும் வேனில் ஏறி உட்கார்ந்தாள். இந்த வருடம் பெயர் கொடுக்கும்போதுதான் அதைப் பற்றிப் பேசினாள்.

"இந்தத் தடவையும் பாதியில நின்னீங்கன்னா இனிமே வேற யாரோடயாவது ஓட்டிக்கிறேன். ஞாயித்துக்கெழமையும் சேத்துத்தான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சமாதானம் செய்திருப்பான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

ஓட்டத்தன்று காலை, முதல் சில கிலோமீட்டர் செம்மண் பாதையில் இருவரும் நன்றாகவே போனார்கள். இரண்டு பக்கமும் தைலமரக் காடு, அதற்கு மேலே மொட்டைப் பாறைகள். டெல்டாவில் வளர்ந்த கண்ணுக்கு ஒரு கல்லே அதிசயம்; இங்கே ஊரே கல்லாகக் கிடந்தது. மேடு வந்ததும் செம்பியனுக்கு இரைக்க ஆரம்பித்தது. இரைப்பு வந்த இடங்களில் எல்லாம் அவனுக்குச் சரித்திரத்தில் பற்றும் வந்தது.

முதல் சாவடி பாறைக்கு மேலே இருந்தது. சைக்கிளை அடிவாரத்தில் சாய்த்துவிட்டு ஏறிப்போய்க் கையில் முத்திரை வாங்க வேண்டும். மேலே சோழர் காலத்துக் கற்கோயில் ஒன்று மேற்குப் பார்த்து நின்றது. எதிரே பாறையைக் குடைந்த மண்டபம், அதன் சுவரில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு. முத்திரை வாங்கியதும் மற்ற ஜோடிகள் இறங்கி ஓடின. செம்பியன் மட்டும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு விஷ்ணுவாகத் தரிசித்தான்.

"எப்படிச் செதுக்கியிருக்கான் பாரு" என்றான் மூச்சுக்கு நடுவே.

"பத்துப் பேரப் பாத்தாச்சுல்ல? மிச்சம் ரெண்டு பேரும் அதே மாதிரிதான் இருக்காங்க. எறங்குங்க."

இரண்டாவது சாவடியை ஒருவழியாகக் கடந்தார்கள். அங்கே ஒரு சமணர் படுக்கை இருந்தது. அதில் கொஞ்சம் படுத்துப் பார்க்கலாமா என்று செம்பியன் கேட்டபோது பாரதி சைக்கிளில் ஏறிப் பத்தடி போயிருந்தாள்.

அடுத்த சாவடி மலைக்குக் கிழக்கே ஒரு புளியந்தோப்பு. வழியெல்லாம் தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். கல்குவாரி ஒன்றைத் தாண்டியதும் பாதை மூன்றாகப் பிரிந்தது. டிப்பர் லாரிகள் போய்ப் போய் அங்கே சுண்ணாம்பு இருந்த சுவடே இல்லை. பாரதியின் கைபேசி வெயிலில் சூடேறி அணைந்து போயிருந்தது. செம்பியனுடையதில் சிக்னல் இல்லை. சூரியன் நடுமண்டையில் நின்றதால் திசையும் பிடிபடவில்லை.

அப்போதுதான் செம்பியன் கண்ணில் அந்த ஓடை பட்டது. இரண்டு நாள் மழையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, ஒரு பாதையின் ஓரமாகச் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

"இந்தா, தண்ணி ஓடுது. இதப் புடிச்சிட்டே போனா கெழக்குதான்."

பாரதி கணக்கு டீச்சர். இரண்டும் இரண்டும் நாலு என்பதற்கே நிரூபணம் கேட்பவள். ஆனால் அவளும் "ஆமால்ல" என்றுதான் சொன்னாள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காவிரியின் கடைமடையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் மேற்கே இருந்து வரும், கிழக்கே கடலுக்குப் போகும். ஆறானாலும் வாய்க்காலானாலும் வயல் வரப்பு மடையானாலும் அப்படித்தான். பந்தியில் பக்கத்து ஆளை நகரச் சொல்வதற்குக்கூட "கொஞ்சம் கெழக்கால ஒக்காருங்க" என்கிற சனம் அது. தண்ணீர் வேறு திசையில் போகும் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர்களுக்குச் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பாதை சுகமான இறக்கம். செம்பியன் உற்சாகமாகிவிட்டான். போன வருடத்துக் கெண்டைக்காலைப் பற்றி அவனே கேலி பேசினான். பாரதியும் சிரித்தாள். வெகுதூரம் போன பிறகு அவள் சட்டென்று பிரேக் பிடித்தாள்.

"என்னங்க, நெழலு நமக்குப் பின்னால விழுது."

பொழுது மதியம் தாண்டியிருந்தது. கிழக்கே போகிறவனின் நிழல் அந்த நேரத்தில் முன்னால் விழ வேண்டும். முகத்தில் அடிக்கிற வெயிலை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள். ஓடை இவ்வளவு நேரமும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கண்மாயில் போய் அமைதியாகக் கலந்தது. அதற்கு எந்தக் கடலைப் பற்றியும் கவலையில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றான் செம்பியன்.

"நானுந்தான் ஆமான்னேன். திருப்புங்க."

வந்த இறக்கம் முழுவதும் இப்போது ஏற்றம். சுகத்துக்கெல்லாம் வட்டி கட்டுவது போல் ஏறினார்கள். பாதை பிரிந்த இடத்தில், வெயில் முதுகில் விழும் பாதையைப் பிடித்துப் புளியந்தோப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சாவடியில் கூட்டம் கலைந்து, ஊழியர் ஒருவர் மட்டும் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெகபர் சாதிக் நின்றிருந்தார். காரைக்காலில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர், வயது ஐம்பத்தைந்து, இவர்களுக்கு நல்ல பழக்கம். அவருக்கு ஜோடி அவருடைய மகள். அவள் சைக்கிளின் பின்கியர் கல்லில் அடித்து முறிந்துவிட்டதால், அவளை வேனில் ஏற்றிவிட்டு நின்றார்.

"நான் முடிக்கணும்னா இன்னொரு ஒத்தை ஆளு கெடைக்கணுமாம் தம்பி" என்றார் அவர். "ஜோடி இல்லாமப் போனவங்க ரெண்டு பேரு சேந்துக்கிட்டாச் செல்லும்னு இந்த வருசம் புதுசா வச்சிருக்காங்களாம். யாரும் வர்ற மாதிரி தெரியல. இருக்கட்டும், வந்தவரைக்கும் லாபம்."

கடைசிக் கட்டம் சரளைப் பாதையில் ஒரு நீண்ட ஏற்றம். தோப்பிலிருந்து பார்த்தால் உச்சி வரைக்கும் தெரிந்தது. செம்பியன் அதைப் பார்த்தான். கால் இந்த முறை பிடிக்கவில்லை, ஓட்ட முடியும். அவன் வேகத்தில் ஓட்டினால் நாலு மணிக்கு உச்சியைக்கூடத் தொட முடியாது. அதுவும் அவனுக்குத் தெரிந்தது. பாரதி தண்ணீர் குடித்துவிட்டு அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "முடியுமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியும் என்று சொல்லியிருப்பான்.

அவன் சைக்கிள் முன்னால் கட்டியிருந்த நம்பர் அட்டையை அவிழ்த்து ஊழியரிடம் நீட்டினான்.

"நான் நின்னுக்கிறேங்க. இவங்க ரெண்டு பேரையும் சேத்து விட்டுடுங்க."

சாதிக் பாய் பதறினார். "ஏன் தம்பி, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"கால் புடிச்சிக்கிச்சு பாய்."

பாரதி அவன் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏதாவது சொல்வாள் என்று நினைத்தான். "தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாள்.

செம்பியன் மர நிழலில் நின்று பார்த்தான். பாரதி இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். அவள் அப்படி மிதித்து அவன் கண்டதில்லை. பாதி மேட்டில் முன்னால் போன ஒரு ஜோடியைத் தாண்டினாள், அப்புறம் இன்னொன்றை. சாதிக் பாய் பின்னால் உயிரைக் கொடுத்துத் துரத்தினார். அவள் ஒருமுறைகூட மூச்சு வாங்க நிற்கவில்லை. ஆற்றங்கரையில் அவள் எப்போதும் தனக்குப் பின்னாலேயே வந்தது, கடற்காற்று முகத்தில் அடிக்காமல் இருக்க என்றுதான் அவன் நினைத்திருந்தான். இத்தனை வருடமும் அவள் அவனுக்காக மெதுவாக ஓட்டியிருக்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பெருமைதான் அதிகம் வலித்தது.

முடிவிடத்துக்கு அவன் வேனில் போய்ச் சேர்ந்தபோது அவள் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் புழுதி, அதற்குள் அப்படியொரு சிரிப்பு. கால் மணி நேரம் மிச்சம் வைத்து முடித்தார்களாம். பாய்க்குத்தான் மூச்சு இன்னும் திரும்பவில்லையாம்.

"இனிமே பாயோடயே ஓட்டு. நான் ஒன்னப் பின்னாலதான் இழுக்கிறேன்" என்றான் செம்பியன்.

அட போங்க என்பாள், என்ன பேச்சு இது என்பாள் என்று எதிர்பார்த்துச் சொன்ன சொல் அது. பாரதி இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்க" என்றாள். "பாயும் அவங்க பொண்ணும் ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கே கெளம்பி பூம்புகார் வரைக்கும் போவாங்களாம். என்னையும் கூப்டுறாங்க. நீங்க நல்லாத் தூங்குங்க, பாவம்."

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை, அக்கறைதான் இருந்தது. செம்பியன் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக் கட்டப் போனான்.