ஆண்டவர் தட்டு

எங்கள் சபைக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் மதியம், இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம். சூப், ரொட்டி, அவித்த முட்டை. எனக்கு அங்கே அண்டா அக்கா என்று பெயர். அண்டா கழுவுகிறவள் என்பதால் வந்த பெயர். உருவத்தைப் பார்த்து வைத்தது என்று சொல்கிற வாய்களும் உண்டு.

மேசையின் தலைப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதன் முன்னால் ஒரு தட்டில் எல்லாம் பரிமாறி வைப்போம். அது ஆண்டவர் தட்டு. பசித்து வந்தவர்களோடு அவரும் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. பரிமாறுகிற நாங்களும் பந்தியில் உட்காரக் கூடாது, அது இன்னொரு சட்டம்.

எல்லாம் முடிந்ததும் ஆண்டவர் தட்டை டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். குப்பையில் கொட்ட மனசு வரவில்லை என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மை வேறு. வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. அந்தச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெறும் தட்டையும் வைத்து, ஆண்டவரோடு ஊர்க்கதையெல்லாம் பேசுவேன். அவர் வாயே திறக்க மாட்டார். வீட்டுக்காரரும் அப்படித்தான், அதனால் பழகிவிட்டது.

போன சனிக்கிழமை நல்ல மழை. கூடம் நிரம்பி வழிந்தது. அண்டாவை வழித்தெடுத்த பிறகு ஓர் ஆள் சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார். ஒரு ஷூவுக்கு நாடா இல்லை. மீதி இருந்தது ஆண்டவர் நாற்காலியும் ஆண்டவர் தட்டும்தான்.

"என்னக்கா பண்றது?" என்றார் பாஸ்டரம்மா.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். வாரம் முழுக்க நான் காத்திருப்பது அந்த ஒரு தட்டுக்குத்தான். ஆனால் இல்லாதவருக்குச் செய்தால் ஆண்டவருக்கே செய்த மாதிரி என்று வாராவாரம் ஜெபத்தில் சொல்கிறவளும் நான்தான்.

"உக்காரச் சொல்லுங்க. ஆண்டவர் ஒண்ணும் பட்டினி கிடந்து செத்துட மாட்டாரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்கார்ந்தார். கரண்டியைக் கையில் எடுத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

என்னை இப்படி ஒருவர் கேட்டு எத்தனை காலம். ஆனால் யார் கேட்டாலும் எங்களுக்கு ஒரே பதில்தான், இல்லாவிட்டால் வந்தவர்கள் கூச்சப்படுவார்கள்.

"ஆச்சு, ஆச்சு. நீங்க சாப்பிடுங்க."

"எனக்கு இவ்வளவு வேணாங்க. இப்படிக் கொஞ்சம் உக்காருங்களேன்."

"அண்டா கிடக்கு," என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று ஆண்டவரிடம் எவ்வளவு கெஞ்சியிருக்கிறேன். இன்றைக்கு வாய் திறந்து கேட்டார். நான் பொய் சொல்லிவிட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கையைக்கூடத் துடைக்காமல் வெளியே ஓடினேன். கூடம் காலி. மழை விட்டிருந்தது. ஆண்டவர் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தார். திறந்தேன். பாதி ரொட்டி, பாதி முட்டை, பாதிக் கிண்ணம் சூப். பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

டிபன் பாக்ஸைத் தேடவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இல்லைங்க, இன்னும் சாப்பிடல," என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். சூப் ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன்.