புள்ளடிக்குப் பக்கத்தில்

பாலையூற்றில் எந்த வீடு எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடும் என்பது, அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே ஹெக்டருக்குத் தெரிந்துவிடும். பிள்ளையார் கோயில் ஒழுங்கை தமிழ்க் கட்சிக்கு. கடைக்கார சரீப்பின் ஆட்கள் தங்கள் கட்சிக்கு. மாதா கோயிலடி இரண்டாகப் பிரியும்; யார் எந்தப் பக்கம் என்பதை ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். திருகோணமலையில் தேர்தல் என்பது, தான் பிறந்தது உண்மைதான் என்று ஒருவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுதிப்படுத்துகிற சடங்கு என்பது அவருடைய முடிவு.

அப்படிப்பட்டவர் பிரதேச சபைத் தேர்தலில் தன் வட்டாரத்தில் சுயேச்சையாக நின்றதற்குக் காரணம் மதகு.

அவர் வீட்டு ஒழுங்கை தொடங்கும் இடத்தில், வாய்க்காலைக் கடக்கக் கட்டியிருந்த மதகு மூன்று தேர்தல்களுக்கு முன்னர் இடிந்தது. இப்போது அங்கே இரண்டு பலகைகள். ஓட்டோ உள்ளே வராது. மனைவி மக்டலினுக்கோ இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்க ஆசுப்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவளைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, முன்னால் ஹெக்டரும் பின்னால் பக்கத்து வீட்டு இராகுலனும் தூக்கிக்கொண்டு பலகையைக் கடப்பார்கள். மாரியில் வாய்க்கால் பெருகினால் பலகையும் போய்விடும். போன மாரியில் மூன்று முறை ஆசுப்பத்திரிக்குப் போக முடியாமல், அவளுடைய முகமும் காலும் வீங்கிவிட்டன. இன்னொரு மாரி அப்படிப் போனால் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மூன்று தேர்தலிலும் மதகு கட்டித் தருவதாகச் சொல்லி வென்ற வட்டார உறுப்பினர் சோமசேகரம் நான்காவது முறையும் சொன்ன அன்று, ஹெக்டர் வேட்புமனு எழுத உட்கார்ந்தார். சின்னமாகப் பூட்டு கிடைத்தது.

"பூட்டத் தந்துட்டாங்க. தொறப்பு ஆருக்கிட்ட, ஹெக்டர் அண்ணன்?" என்றார் சரீப், சாவி திருப்புவதுபோல் விரலைத் திருப்பி.

"கொழும்பிலயாம். அனுப்புவினமாம்."

"அப்ப வந்தமாதிரித்தான்."

சிரித்தாலும், சரீப்பின் அரிசி மூட்டைகளும் அந்தப் பலகையால்தான் வந்தன. புஸ்பராணி ரீச்சர் ஸ்கூட்டியோடு வாய்க்காலுக்குள் விழுந்து கையை முறித்திருந்தார். எந்தக் கட்சி என்று கேட்டு வாய்க்கால் யாரையும் விழுத்தவில்லை. ஹெக்டரின் மனக்கணக்கில் முதல் தடவையாகச் சில வீடுகளுக்கு நேரே கேள்விக்குறி விழுந்தது. அறுபத்திரண்டு வயதில் அவர் நம்பத் தொடங்கினார். பழக்கமில்லாத வேலை, இரண்டு நாள் சாப்பாடு செமிக்கவில்லை.

மாதிரி வாக்குச்சீட்டோடு வீடு வீடாகப் போனார்.

"பூட்டுக்கு நேர ஒரு புள்ளடி. புள்ளடி மட்டும். ஆரின்ர வாக்கெண்டு தெரியிறமாதிரி ஒரு எழுத்து இருந்தாலும் கழிச்சுப் போடுவாங்கள், விளங்கிச்சோ?"

நல்லம்மா வீட்டில் எட்டுப் பேரையும் வரிசையாக இருத்தி, மூன்று முறை போட்டுக் காட்டச் சொன்னார். எட்டுப் பேரும் பிழையில்லாமல் போட்டார்கள்.

வாக்கெண்ணும்போது அவருடைய முகவராக இருந்தவன் இராகுலன். முடிந்ததும் நேரே வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அங்கிள், சோமசேகரம் ஐயாவுக்கு நானூற்றுப் பதினெட்டு. உங்களுக்கு நானூற்றுப் பதினேழு."

"ஒரு வாக்காலயோ?" என்றாள் மக்டலின்.

"ஓம் அன்ரி. கழிச்சது பன்ரண்டு. எங்களுக்குக் காட்டினவங்கள். அதில ஒண்டு..." அவன் ஹெக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. "பூட்டுக்கு நேர வடிவான புள்ளடி. பக்கத்தில சின்னக் கையெழுத்து. ஹெ. எண்டு. கீழ திகதியும் போட்டிருந்தது, அங்கிள்."

துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்த்தவர் ஹெக்டர். போட்ட ஒவ்வொரு அடையாளத்துக்கும் பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் திகதியும் இல்லாவிட்டால் பத்திரம் திரும்பி வரும். வாக்குச்சாவடி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் அவர் மதகைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றபோது, கை தன் உத்தியோகத்தைப் பார்த்திருக்கிறது.

"அதையும் சேர்த்திருந்தால்?" என்று கேட்டாள் மக்டலின்.

"சமன். திருவுளச்சீட்டுக் குலுக்கி எடுத்திருப்பினம்," என்றான் இராகுலன்.

"அப்ப அரை மதகு." அவள் கணவனைப் பார்த்தாள். "கலியாண றிஜிஸ்டரிலயும் என்ர பேருக்குப் பக்கத்தில சின்னக் கையெழுத்து வைச்ச மனுசன் இது. பாதர் அண்டைக்கே சிரிச்சவர்."

சிரிக்கத் தொடங்கியவளுக்கு இடையில் மூச்சு வாங்கியது. ஹெக்டர் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனார். டொக்டர் அளந்து கொடுக்கச் சொன்ன அரைக் கோப்பைதான்.

சோமசேகரம் ஐந்து மாதம் கழித்து, புரட்டாதிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மழைத் தூறலில் பலகையால் நடந்து வந்தார். கையில் குடையும் ஒரு கடிதமும்.

"தேர்தல் முடிஞ்சுது, இனி நாங்கள் எல்லாரும் ஒண்டு. மதகு விசயமாச் சபைக்கு ஒரு கோரிக்கை. முதல்ல நீங்கள் கையெழுத்து வைச்சால்தான் மரியாதை."

ஹெக்டர் கடிதத்தை வாசித்தார். முந்தின மூன்று தரமும் சபைக்கு அனுப்பிய அதே கடிதம்தான். 'மதகு' இப்போதும் 'மத்தகு' என்றே இருந்தது. அவர் பேனையை எடுத்து, கூடுதலான எழுத்தை வெட்டி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்து, திகதி போட்டு, கீழே முழுக் கையெழுத்தும் வைத்தார்.

"பாத்தியளோ!" என்றார் சோமசேகரம், மெய்யான மகிழ்ச்சியோடு. "இப்பிடி ஒழுங்கா வேலை செய்யிற ஆக்கள் இப்ப ஒரு கந்தோரிலயும் இல்லை."

இராகுலன் கதிரையைக் கொண்டு வந்தான். மக்டலினை இருத்தித் தூக்கினார்கள். சோமசேகரம் ஒதுங்கி வழிவிட்டு, அவள் நனையாமல் இருக்கத் தன் குடையையும் நீட்டிப் பிடித்தார். ஹெக்டர் காலால் தடவிப் பார்த்து முதல் பலகையில் அடிவைத்தார். தண்ணீர் அதன் அடியைத் தொட்டுக்கொண்டு ஓடியது.