படத்தில் இருக்கும் முகம்

என் முகம் எனக்குச் சொந்தமில்லை. அக்காவின் அழகு நிலையத்தில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் உரித்த முட்டை மாதிரி இருப்பேன். அதன் கீழேயே நாற்காலி போட்டு என்னை உட்காரவும் வைத்திருக்கிறாள் அக்கா, வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

எல்லாம் மூக்கோரம் வந்த சிவப்பில் தொடங்கியது. புருவத்திலும் செதில் செதிலாக உதிர்ந்தது. அக்கா மருந்துக்கடையில் மூன்று ட்யூப் வாங்கிக் கிண்ணத்தில் பிதுக்கி, வாசனை சேர்த்துக் குழைத்து, வெள்ளை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்துக்குள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. சூட்டோடு சூடாகப் படம் பிடித்து மாட்டினாள். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அதே டப்பாதான். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. "அந்தப் பொண்ணு போடற கிரீம் குடுங்க" என்றுதான் கேட்பார்கள்.

நிறுத்தினால்தான் வினை. ஒரு நாள் தடவாவிட்டால், மறுநாள் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். உடனே அக்கா டப்பாவோடு வந்து நிற்பாள்.

"பாத்தியா? என் கிரீமை விட்டதும் மூஞ்சி என்ன கதியாச்சுன்னு?"

தடவினால் அடங்கிவிடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளோடு சண்டை போடுவது? எரிச்சல் தாங்காமல் அவளுக்குத் தெரியாமல் எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன். இன்னும் மோசமானது.

கடைசியில் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மாள் டப்பாவைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும். உங்களுக்கு முதல்ல வந்தது பெரிய விஷயமே இல்ல. நம்ம எல்லார் தோல்லயும் ஈஸ்ட்டுன்னு ஒரு பூஞ்சை குடியிருக்கு. எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்துல சில பேருக்கு அது ஒத்துக்காம சிவந்து உரியும். பூஞ்சைக்கான களிம்பு போட்டிருந்தா அடங்கியிருக்கும். இது சிவப்பை அமுக்கிவெச்சுட்டு தோலை மெல்லிசாக்கிடும்."

"எரிச்சலுக்கு எண்ணெய் தேய்ச்சேன் டாக்டர்."

"பேஷ். பூஞ்சைக்கு விருந்தே வெச்சிருக்கீங்க."

அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கிரீமை நிறுத்தினா கொஞ்ச வாரம் கொதிச்சு எழும். பயந்துபோய் மறுபடி தடவினீங்கன்னா திரும்ப முதல்லேருந்து. எல்லாரும் அங்கதான் மாட்டிக்கிறாங்க."

கொஞ்ச வாரம்! அதுவும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு! களிம்பைத் திருட்டுச் சாமான் போலக் கைப்பையின் அடியில் ஒளித்தேன். அக்காவைப் பகைத்துக்கொண்டு எங்கே போவேன்? நான் குடியிருப்பதும் கடைக்கு மேலே அவள் வீட்டில்தான். அம்மா போன பிறகு சோறு போட்டு வளர்த்தவள். "இவதான் என் மூத்த பொண்ணு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் உருகிப்போவேன், அசடு.

இருந்தும் துணிந்து கிரீமை நிறுத்தினேன். இரண்டாம் நாள் காலையிலேயே முகம் வீங்கிவிட்டது. நான் குளியலறையில் இருந்தேன். வெளியே கண்ணாடிப் பக்கமிருந்து அக்கா மகளின் குரல் வந்தது.

"அம்மா, எனக்கும் மூக்கோரம் உரியுது. சித்தி போடற கிரீம் கொஞ்சம் எடுத்துக்கவா?"

"ஐயையோ, அதைத் தொடாத!" அக்கா அலறியது எனக்குக் கேட்டது. "வயசுப் பொண்ணு மூஞ்சியில கண்டதையும் பூசுவாங்களா? வெறும் தண்ணியில கழுவு. சரியாகலன்னா டாக்டர்கிட்ட போலாம்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் அதே டப்பாவிலிருந்து விரலில் கிரீமை எடுத்தாள்.

"என்னடி இது கோலம்? வா, மூஞ்சியக் காட்டு."

"அவ பூசினா அது கண்டதுன்னா, நான் பூசினா என்னக்கா?"

விரல் பாதியில் நின்றது. "அவ சின்னப் பொண்ணுடி."

"நான் மூத்த பொண்ணு."

"கடை திறக்கிற நேரத்துல வம்பு வளக்காத."

அவள் கையை விலக்கிவிட்டுக் கீழே இறங்கி என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஆளாக ஓர் அம்மாள் மகளோடு வந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"படத்துல உங்க தங்கச்சியா?"

"நான்தாங்க."

நம்பவில்லை போலிருக்கிறது. "என் பொண்ணுக்கு மூக்கோரம் உரியுது. அந்தக் கிரீம் ஒண்ணு குடுங்களேன்" என்றாள்.

அக்கா டப்பாவோடு என் பின்னால் வந்து நின்றாள். தோளில் கை வைத்து அழுத்தினாள். நான் திரும்பி அவளையே கேட்டேன்.

"காலையில உன் பொண்ணு இதேதான் சொன்னா. நீ என்ன பண்ணச் சொன்னக்கா?"

அந்தச் சிறுமி அக்காவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் தண்ணியில கழுவச் சொன்னேன்" என்றாள் அக்கா.

அவர்கள் போன பிறகு அக்கா டப்பாவை என் மேசைமேல் மூடி திறந்தபடியே வைத்துவிட்டு உள்ளே போனாள். முகம் எரிந்துகொண்டிருந்தது. மூடியை எடுத்து இறுகத் திருகினேன். சாயங்காலம் மாடிக்கு, அவள் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.