லாரி டியூபில் பால்

1988-இல் ரெட்டியார்பாளையம் கணிப்பொறி விளையாட்டு மன்றத்தில் கணிப்பொறிகள் குறைவு, உறுப்பினர்கள் கொஞ்சம் அதிகம், தலைவர் ரொம்பவே அதிகம்.

தலைவர் கோவிந்தராசு, பிரெஞ்சு ராணுவத்தில் கம்பளிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதைப்படி முசே என்றுதான் கூப்பிட வேண்டும். மாதா மாதம் அவர் ஒரு விளையாட்டைப் பரிந்துரைப்பார். அது சைக்ளோஸ்டைல் தாளாகி வெளியூர் மன்றங்களுக்குப் போகும். சென்னையில் விளையாட்டுக் கேசட் விற்கும் ஒரு கடைக்காரர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சரக்கு எடுப்பார். பரிந்துரைக்கும் விளையாட்டை முசே ஆடிப் பார்ப்பாரா என்று கேட்கக் கூடாது. அட்டைப் படத்தைப் பார்ப்பார். அவருக்கு அது போதும்.

மன்ற உறுப்பினர் அமிர்தவல்லிக்கு அந்தத் தாளில் இடம் வேண்டியிருந்தது. சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலையை முடித்துவிட்டு வந்து, சாயங்காலங்களில் உட்கார்ந்து, தனியாளாக அவள் ஒரு விளையாட்டு எழுதியிருந்தாள். பெயர் ‘எல்லை.’ ஆடுகிறவர் கனகசெட்டிக்குளத்தில் சாராயம் வாங்கி, லாரி டியூபில் அடைத்து, சோதனைச்சாவடியைத் தாண்டி மரக்காணம் போய்ச் சேர வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் கடையில் கிடைக்கும் சரக்கு, மதுவிலக்கு உள்ள அந்தப் பக்கம் கால் வைத்தால் குற்றம். மீனவனாகப் போகலாம், கல்யாண வீட்டுக்காரனாகப் போகலாம், டியூபை வயிற்றில் சுற்றிக்கொண்டு கர்ப்பிணியாகவும் போகலாம். பயம், கால் வேகம், பொய் மூன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி உண்டு. மன்றத்தில் டி.வி. ரிப்பேர் செய்யும் பக்கிரி ஆட்டத்தில் கர்ப்பிணியாகப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று திரையில் கான்ஸ்டபிள் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கேசட்டைப் பிரதி எடுத்து மன்றத்தில் எல்லாருக்கும் கொடுத்தவரும் அவர்தான். முசேக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அட்டைப் படம் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முசே விசாரிக்க வேண்டியதாயிற்று.

“ஏம்மா, இதுல இன்னா கடத்துறாங்க?”

“சாராயம், முசே.”

“ஒரு பொம்பள எழுதற விஷயமா இது?”

“ஆம்பளைங்க அதக் குடிச்சுட்டு வுழுந்து கெடக்கறாங்க. எழுத நேரமில்ல.”

செயலாளர் காத்தவராயன் சிரித்தார். முசேயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

“மன்றத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்குது. பிரான்ஸ்ல இதெல்லாம் ஒத்துக்கவே மாட்டான்,” என்றார் முசே. “சாராயத்த எடுத்துட்டுப் பாலுன்னு போட்டுக் குடு. பரிந்துரைக்கறேன்.”

“பாலுக்கு எதுக்கு முசே போலீசு?” என்றார் பக்கிரி.

முசே மீசையைத் தடவினார். “தண்ணி கலந்த பாலா இருக்கும்.”

“அப்பவும் எடுத்துக்கினு போறவன் திருடன்தான?”

“சரி, போலீச எடுத்துடு.”

“லாரி டியூபு?”

“அதையும் எடு. தூக்குல கொண்டு போவட்டும்.”

“அப்புறம் எங்க முசே ஆட்டம்?” என்றாள் அமிர்தவல்லி. “ஒருத்தன் பால எடுத்துக்கினு நடந்து போறான், ஊத்திட்டுத் திரும்பி வரான். அவ்வளவுதான்.”

“உழைப்பு. எளவட்டப் பசங்களுக்கு அதான் வேணும்.”

“ஒரு தபா ஆடிப் பாருங்க. அப்புறம் திட்டுங்க.”

“நான் ஆடணும்னு அவசியமில்ல. எனக்கு அனுபவம் இருக்குது.”

“கம்பளி எண்ணுன அனுபவமா?”

முசே எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் மன்றமும் எழுந்து நிற்பது வழக்கம். அன்று பாதிப் பேர் எழுந்தார்கள், மீதிப் பேர் எழுவது போல அசைந்தார்கள்.

“பால் இல்லன்னா பரிந்துரை இல்ல. கை தூக்குங்க, பாத்துடலாம்.”

மன்றத்தின் நல்ல கணிப்பொறி முசே வீட்டுக் கூடத்தில் இருந்தது. பக்கிரியைத் தவிர எல்லாரும் பாலுக்குக் கை தூக்கினார்கள்.

“காத்தவராயண்ணே, மரக்காணம் போய்ச் சேந்துட்டேன்னு நேத்து எங்க வூட்டு வாசல்ல வந்து குதிச்சீங்களே,” என்றாள் அமிர்தவல்லி.

“அது வேற, இது கூட்டம்,” என்றார் காத்தவராயன், தூக்கிய கையை இறக்காமலே.

அவள் கேசட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். “எழுதிக்குங்க முசே. பாலு. பேரையும் ‘பால்காரன்’னு மாத்திடறேன்.”

முசே அன்றே எழுதினார். “உழைப்பின் உயர்வை உணர்த்தும் ஒப்பற்ற ஆட்டம். இதனை ஆடும் ஒவ்வோர் இளைஞனும் வைகறையில் துயிலெழுவான்.” தாள் வெளியூர்களுக்குப் போனது. ஒரு கேசட்டும் இன்னும் ஊரைத் தாண்டாத நிலையில் திருச்சி மன்றத்திலிருந்து பாராட்டு வந்தது. தங்கள் உறுப்பினர்கள் ‘பால்காரன்’ ஆடி மகிழ்ந்ததாகவும், முடிவு மட்டும் சற்று அவசரமாக இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். முசே அதைக் கூட்டத்தில் இரண்டு முறை படித்தார். முடிவைப் பற்றித் தாமும் அப்படியே நினைத்ததாகச் சொன்னார்.

அடுத்து சென்னைக் கடைக்காரர் ஐம்பது கேசட் கேட்டார். ஒவ்வொரு அட்டையிலும் பரிந்துரைத்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும் என்று முசே முடிவு செய்தார். கிடங்கு அதிகாரி (ஓய்வு), தலைவர், கலை ஆர்வலர் என்று பட்டங்களோடு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். அமிர்தவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை வாங்கி, கேசட்டைச் செருகி, மூடி, அட்டைப்பெட்டியில் அடுக்கினாள்.

பக்கிரி அவள் பக்கம் குனிந்தார். “பாலு ஆட்டத்த எப்பம்மா எழுதுன? எங்கிட்டக் காட்டவே இல்லியே.”

“எதுக்கு எழுதணும்? அட்டையிலதான பாலு,” என்றாள் அவள். பிறகு தலையைத் திருப்பி, “முசே, மெதுவாப் போடுங்க, மை கலைஞ்சிடப் போவுது,” என்றாள்.