மடங்காத மடக்குப் பந்தல்

மருமகள் கேட்டது ஒன்றே ஒன்று. பந்தல் மடங்க வேண்டும். ஊர் ஊராகப் போகிற புத்தகக் கண்காட்சிக்கு, விரித்தால் கூடம், மடக்கினால் வேனில் ஏறுகிற கட்டு. அதற்காகச் சாப்பாட்டு மேசையைக் குச்சியும் நூலுமாகக் கட்டிப் பார்த்த மாதிரிப் பந்தல்களால் அடைத்து, குடும்பத்தையே தரையில் உட்கார்ந்து தின்ன வைத்தாள்.

மாமனார் வெல்டர். போல்ட், கொக்கி எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மனிதர்களிடம் அதைவிடக் குறைவு. பந்தல் காலின் மூட்டில் உருவி எடுக்கிற பின்னைப் போகும்போதும் வரும்போதும் இழுத்துப் பார்ப்பார்.

"சுண்டுவிரல் தண்டி கம்பி. இதை நம்பி ஜனத்தை உள்ளே விடுவியா?"

"தாங்கும் மாமா. கணக்குப் போட்டிருக்கேன்."

"கணக்கு கீழே விழாது. பந்தல்தான் விழும்."

இன்று மத்தியானத்துக்குள் மைதானத்தில் கண்காட்சிக்காரர்களுக்கு விரித்து மடக்கிக் காட்டினால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் வேறொருத்தன் காத்திருக்கிறான். பட்டறையில் விரித்து வைத்திருந்த பந்தலின் பின்களைக் காலையில் உருவினாள். வந்தன. பந்தல் காலை மடக்கப் பார்த்தாள். அசையவில்லை. தொங்கியும் பார்த்தாள். ஊஹூம்.

குனிந்து பார்த்தால், மூட்டுக்கு மூட்டு பொட்டு வைத்த மாதிரி வெல்டிங்.

"மாமா!"

"ஒரு புள்ளிதாம்மா வெச்சேன். பாதுகாப்புக்கு."

"இது மடக்குப் பந்தல் மாமா!"

"மடக்கினா எப்படி நிக்கும்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரும் அவர் கட்டியதுதான். அதில் எத்தனை கம்பி விட்டிருக்கிறாரோ.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. உள்ளே வந்த கணவன் பந்தலைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"இது வெளிய போகாதே."

"உங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"வாசலை இடிச்சிடலாம்டா," என்றார் அப்பா. "நான் மறுபடி கட்டித் தரேன்."

அவள் கட்டிங் மிஷினை எடுத்தாள். அவர் பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க மாமா. இல்லேன்னா உங்களையும் சேத்து மடக்கி வேன்ல ஏத்திடுவேன்."

நகர்ந்தார். பொறி பறந்தது. முதல் கால் சொன்ன பேச்சு கேட்டுப் படுத்தது. இரண்டாவதும். மூன்றாவது கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

அவர் கூரையைப் பார்த்தார். "அதுல உள்பக்கமும் ஒண்ணு இருக்கு."

"நாலாவதுல?"

"அதுல கொஞ்சம் கூடுதல். காத்து அந்தப் பக்கந்தானே அடிக்கும்."

மிஷினை அவர் கையில் திணித்தாள். "வெச்ச கைதான் எடுக்கணும். சீக்கிரம்!"

புள்ளிக்கு ஒரு வசவாக வெட்டினார். கடைசிக் காலும் மடங்கி, பந்தல் மொத்தமும் தரையில் கட்டாகப் படுத்தது. மகனும் மருமகளும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள்.

பெரியவர் பின்னாலேயே கத்தினார்:

"பாத்தீங்களா? விழுந்துடும்னு அப்பவே சொன்னேன்!"