மாப்பிள்ளை வீட்டு சர்வர்

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் சாப்ட்வேர் இன்ஜினியர் ஜெபக்குமாருக்கு எதிலும் ஒரு கருத்து உண்டு. குடும்பப் படங்கள் ஊரான் கம்ப்யூட்டரில் கிடக்கக் கூடாது என்பது அவற்றில் முதலாவது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓடவிட்டிருந்தான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மாமனார் ஞானதுரை, காலையில் அதிலிருந்து போனுக்கு வரும் பேத்தி படங்களைப் பார்க்காமல் வியாபாரத்தைத் தொடமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். ஜெபக்குமாரின் மனைவி இந்து, அடுப்பில் பால் பொங்குவதற்குள் போனிலேயே அழைப்பிதழ் செய்து நீட்டினாள்.

"எழுத்து நடுவுல நிக்கலயே. பலூன் வேற ஒரு பக்கமா இழுக்கு. செத்த பொறு, நான் முறையா பண்ணித் தாரேன்" என்றான்.

முறையாகப் பண்ண உட்கார்ந்தவன் அளவுக்கோடு போட்டான், எழுத்துருவுக்கு அலைந்தான். அவன் ஆசையாகப் பட்டன் பட்டனாகப் பொறுக்கி மாட்டிய கீபோர்டு போட்ட சத்தத்தில் பிள்ளை தூங்கவேயில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பலூன்தான் முடிந்திருந்தது.

"அடுத்த பிறந்தநாளைக்காவது ஆயிருமா?" என்று கேட்டாள் இந்து. பதிலுக்குக் காத்திராமல் பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு சர்வர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மாமனார் போன் செய்தார். "மாப்ள, படம் வரலயே."

"மெயின்டனன்ஸ் மாமா. சாயங்காலம் வந்துரும்."

"அப்படியா" என்று வைத்தவர், பத்து மணிக்கெல்லாம் கொய்யாப்பழப் பையோடு வாசலில் நின்றார்.

"கரண்ட் பிரச்சினைதான் மாமா" என்று இழுத்தான் ஜெபக்குமார்.

"கரண்ட் போனா செத்த நேரத்துல வந்துரும். ராத்திரி பூரா வரலன்னா அது எம் மக வேல. நானும் பாத்துட்டுத்தான இருக்கேன். உங்கம்மா வந்திருந்தப்ப ரெண்டு நாளா வரல."

ஜெபக்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாதென்று அவன் ஓடவிட்ட பெட்டி, வீட்டுச் சண்டைகளை ஒன்றுவிடாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பியோடு வந்தாள்.

"மொதல்ல பிளக்க மாட்டு ஏட்டி. புள்ளயப் பாத்துட்டுக் குடிக்கேன்."

"புள்ள இந்தா இருக்காளப்பா."

"இவ இருக்கட்டும். நேத்து எடுத்த படத்தப் போடு."

ஜெபக்குமாரே போய் மாட்டினான். படங்கள் வர ஆரம்பித்ததும் மாமனார் முகம் மலர்ந்தது. "பத்திரிக்க அருமை மாப்ள" என்றார்.

"எந்தப் பத்திரிக்க?"

"நான் செஞ்சத குடும்ப குரூப்ல நேத்தே போட்டுட்டேன்" என்றாள் இந்து, அவனைப் பார்க்காமல்.

அவன் போனைத் திறந்தான். சொந்தபந்தமெல்லாம் இன்ஜினியரின் கைவண்ணத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். நாசரேத்துப் பெரியப்பா, தன் பேரன் கல்யாணப் பத்திரிகையையும் அவனே செய்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜெபக்குமார், "இது இந்து பண்ணது" என்று மட்டும் அனுப்பிவிட்டு, மாமனாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேக்குக்கு ஆர்டர் சொல்லப் போனான்.